சூலுற்றவளுக்குச் சொல்லப்படாதவை

கர்ப்பகாலப் பாதுகாப்பு குறித்து எழுதவிருக்கிறோம் என்று எங்கள் மாதாந்திரச் சந்திப்பொன்றில் சொன்னபோது நண்பரொருவர் முகம் சுளித்தார். "அதற்கெல்லாம் பெண்கள் பத்திரிகைகளின் இணைப்பிதழ்கள் இருக்கின்றனவே, நாம் ஏன்?" என்றார். தீவிர இலக்கியம் பேசும் இடத்தில் இரும்புச்சத்து மாத்திரைக்கு என்ன வேலை என்பதே அவருடைய கேள்வியின் சாரம். அக்கேள்விக்கான பதிலாகவே இக்கட்டுரை எழுதப்படுகிறது. பதில் சற்றுக் கடுமையாக அமைந்துவிட்டால் அதற்கு அவரும், அவரைப் போலவே எண்ணிப் பழகிய நம்மில் பலரும் பொறுப்பு.

நண்பருக்குப் பிடித்தமான இடத்திலிருந்தே தொடங்குவோம். புறநானூற்றின் 20ஆம் பாடல், சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைக் குறுங்கோழியூர் கிழார் பாடியது. அம்மன்னனுடைய நாட்டு மண்ணைச் சூலுற்ற பெண்கள் வேட்கையால் எடுத்துத் தின்றால்தான் உண்டு, பகைவர் அதனைக் கொள்ள முடியாது என்பது அதில் வரும் புகழ்ச்சி. இந்த நயத்தை வகுப்பறைகளிலும் மேடைகளிலும் வியந்து கேட்டிருக்கிறோம். நாமே எடுத்துச் சொல்லிக் கைதட்டலும் பெற்றிருக்கிறோம். ஆனால் அப்பெண்கள் ஏன் மண்ணைத் தின்றார்கள் என்று நம்மில் ஒருவரும் கேட்டதில்லை. மண், சாம்பல், செங்கல் துண்டு என உணவல்லாதவற்றின் மீது கர்ப்பகாலத்தில் எழும் வேட்கை, இரும்புச்சத்துக் குறைபாட்டோடு நெருங்கிய தொடர்புடையது என்பதை இன்றைய மருத்துவம் அறியும். சங்ககாலப் பெண்ணுக்கு இரத்தசோகை இருந்தது என்று ஈராயிரம் ஆண்டுகள் கழித்து நோய் கணிக்க நாம் வரவில்லை. நாம் சுட்ட விரும்புவது வேறொன்றை. பாடலுக்குள் வந்த அந்தக் கர்ப்பிணி மன்னனின் வீரத்துக்குச் சான்றாக நின்றுவிட்டுப் போய்விட்டாள். அவளுடைய உடல் எதைக் கேட்டது என்பது பாடியவருக்கும் தேவைப்படவில்லை, படித்த நமக்கும் தேவைப்படவில்லை.

2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. தமிழ்நாட்டில் 48.3 விழுக்காடு, ஏறத்தாழ இருவரில் ஒருவர். இத்தனைக்கும் மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது. பிறகு ஏன் இந்த நிலை என்று கேட்டால், "கொடுக்கிறோம், அதுகள் போடுவதில்லை" என்பதே அதிகாரத் தரப்பிலிருந்து வழக்கமாக வரும் பதில். அதுகள்! இரும்புச்சத்து மாத்திரை சிலருக்குக் குமட்டலைத் தரும், மலச்சிக்கலைத் தரும், மலத்தைக் கறுப்பாக்கும். மலம் கறுப்பதில் ஆபத்தில்லை, அது மாத்திரையின் இயல்பான விளைவு என்று யாரும் சொல்லாதபோது, வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு ஏதோ ஆகிறது என்று அஞ்சி அவள் நிறுத்திவிடுகிறாள். தேநீரோடு சேர்த்து விழுங்கினால் இரும்பு உடலில் சரியாகச் சேராது, எலுமிச்சைச் சாற்றோடோ நெல்லிக்காயோடோ எடுத்துக்கொண்டால் நன்றாகச் சேரும் என்பதையும் சொல்வதில்லை. இவற்றைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தை அவளுக்குத் தராதவர்கள்தாம் அவளை அறியாதவள் என்கிறார்கள்.

எங்களுள் ஒருவரின் தங்கைக்கு நேர்ந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். முதல் கர்ப்பம், எட்டாம் மாதம். காலும் கையும் வீங்கியிருந்தன. மாமியார் அன்பான மனுஷிதான். "கால்ல நீர் கோத்திருக்கும்மா, எல்லாருக்கும் வர்றதுதான்" என்றார். வழக்கமான பரிசோதனைக்குப் போன இடத்தில் இரத்த அழுத்தம் பார்த்தார்கள், ஃபைலில் எதையோ எழுதினார்கள். "உப்பைக் குறைச்சுக்கம்மா, அடுத்த வாரம் வா" என்று அனுப்பிவைத்தார்கள். நான்காம் நாள் இரவு அவளுக்கு மண்டையைப் பிளக்கும் தலைவலி. கண்ணுக்குள் பூச்சி பறப்பதுபோல் இருந்தது. வீட்டில் தைலம் தேய்த்துப் படுக்கவைத்தார்கள். எதிர்வீட்டில் குடியிருந்த செவிலியர் தற்செயலாக எட்டிப்பார்த்தவர், ஃபைலைக் கேட்டு வாங்கிப் புரட்டிவிட்டு, "இதை வச்சுக்கிட்டா நாலு நாளா வீட்ல இருக்கீங்க?" என்று பதறினார். 150/100 என்று அதில் எழுதியிருந்தது. சூல்வலிப்புக்கு முந்தைய நிலை. அன்றிரவே அறுவை சிகிச்சை. பிள்ளை 33ஆம் வாரத்தில் பிறந்து இருபத்துநான்கு நாட்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. இருவரும் பிழைத்தார்கள், செவிலியர் எட்டிப்பார்த்ததனால் பிழைத்தார்கள்.

அந்த ஃபைலை அவள்தான் சுமந்து திரிந்தாள். ஒவ்வொரு மாதமும் மடியில் வைத்துக்கொண்டு வரிசையில் அமர்ந்திருந்தாள். அவள் தமிழில் முதுகலை படித்தவள். நம்மைப் போலவே நாவல்களை விவாதிக்கக்கூடியவள். ஆனால் அவளுடைய உடலைப் பற்றிய அந்தப் பிரதிக்கு அவள் வாசகி அல்லள், சுமப்பவள் மட்டுமே. கர்ப்பத்தின் இருபதாம் வாரத்திற்குப் பிறகு அழுத்தம் 140/90 என்ற அளவைத் தொட்டாலே அது கவனிக்கப்பட வேண்டியது என்ற ஒற்றை வரி அவளிடம் சொல்லப்பட்டிருந்தால், அந்த நான்கு நாட்கள் வேறுவிதமாகக் கழிந்திருக்கும். இதனாலேயே தகவலை நாம் சிகிச்சைக்குப் பின்னால் வந்து சேரும் உபசாரமாகக் கருதவில்லை. தகவல் சிகிச்சையின் ஓர் உறுப்பு. அதைத் தராத மருத்துவம், மருந்தின் பாதியை மேசையிலேயே வைத்துக்கொண்டு மீதியைக் கொடுத்தனுப்புகிறது.

தமிழகம் சாதித்ததை மறைத்துவிட்டுப் பேசுவதாக யாரும் எண்ண வேண்டாம். 2001-03இல் இங்கே ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 134 தாய்மார்கள் இறந்தார்கள்; 2018-20இல் அது 54ஆகக் குறைந்தது. இரவிலும் பிரசவம் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், 2008இல் தொடங்கிய 108 ஊர்தி, கிராமம் கிராமமாக நடந்த செவிலியர்கள் என இதன் பின்னாலிருக்கும் உழைப்பு நம் வணக்கத்துக்குரியது. ஆனால் அதே 2018-20இல் கேரளத்தின் எண் 19. எஞ்சியிருக்கும் இந்த இடைவெளியைக் கட்டடங்களாலும் ஊர்திகளாலும் மட்டும் கடந்துவிட முடியாது. ஊர்தி வர வேண்டுமானால் யாராவது அழைக்க வேண்டும். அழைக்க வேண்டுமானால் இது அழைக்க வேண்டிய நேரம் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அறுவைப் பிரசவத்துக்கு வருவோம். மேற்சொன்ன கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு அறுவை சிகிச்சையால் நிகழ்ந்தவை. தனியார் மருத்துவமனைகளில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. அறுவை சிகிச்சை உயிர் காக்கும் என்பதில் நமக்கு ஐயமில்லை. மேலே சொன்ன தங்கையைக் காத்ததே அதுதான். ஆகவே இவையனைத்தும் தேவையற்றவை என்று சொல்லும் அறியாமை நம்மிடம் இல்லை. தமக்கு ஏன் அறுவை செய்யப்பட்டது என்று இப்பெண்களில் எத்தனை பேரால் சொல்ல முடியும் என்பதே நம் கேள்வி. "தண்ணி வத்திருச்சாம்", "கொடி சுத்திருச்சாம்" என்று ஆளுக்கொரு சொல்லை வைத்திருக்கிறார்கள். அச்சொல்லுக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. கையெழுத்தும் பெரும்பாலும் கணவரிடமோ தந்தையிடமோதான் முதலில் கேட்கப்படுகிறது. 2008 ஜனவரியில் சமீரா கோலி வழக்கில் உச்சநீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. சிகிச்சையின் தன்மை, நோக்கம், அதனால் வரக்கூடிய ஆபத்து, மாற்றுவழிகள், மறுத்தால் நேரக்கூடியது ஆகியவற்றைப் போதுமான அளவுக்கு விளக்கிப் பெறுவதே ஒப்புதல் என்றது. அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், பிரசவ அறை வாசலில் பேனாவை நீட்டி வாங்கப்படும் ஒப்பங்களில் எத்தனை தேறும்?

இவ்வளவு தூரம் வந்ததும் ஒரு கூட்டம் நம்மோடு கைகோக்க ஓடிவரும். "பார்த்தீர்களா, இதைத்தான் நாங்களும் சொல்கிறோம். ஆங்கில மருத்துவம் வணிகம். நம் பாட்டிமார்கள் வீட்டிலேயே பத்துப் பிள்ளை பெறவில்லையா?" என்பார்கள். அந்தக் கையை நாம் உதறுகிறோம். பத்துப் பெற்ற பாட்டியைப் பற்றிப் பேச ஆளிருக்கிறது. முதல் பிள்ளையிலேயே செத்துப்போன பாட்டிக்குப் பேசப் பேரன்கள் இல்லை. ஊர்ப்புறங்களில் நாம் காணும் சுமைதாங்கிக் கற்களில் பல, வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்களின் நினைவாக நடப்பட்டவை. மரபு மரபு என்று மேடையில் முழங்குவோர் அந்தக் கல்லில் ஒருமுறை முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டுப் பிறகு முழங்கட்டும். ஐடா ஸ்கடர் வேலூருக்கு மருத்துவராக வந்த கதையையும் அவர்கள் கேட்டிருக்கக்கூடும். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள், பிரசவத்தில் தவிக்கும் தம் மனைவியருக்கு உதவி கேட்டு அவரிடம் வந்தார்கள். ஆண் மருத்துவரான அவருடைய தந்தையைத் தம் பெண்களைத் தொட அனுமதிக்க மறுத்தார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்த இரவே அவரை மருத்துவம் படிக்கச் செய்தது. 1900இல் மருத்துவராகத் திரும்பி வந்தார்.

நூறாண்டுக்கும் மேல் கடந்து, 2018 ஜூலையில் திருப்பூரில் ஒரு பெண் இறந்தார். யூடியூப் காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் உதிரப்போக்கு நிற்கவில்லை. செய்தி வந்ததும் நம் அறிவுலகம் சிரித்தது, 'முட்டாள்கள்' என்றது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுப் பிரசவத்தைப் புனிதமாக்கிப் பரப்புவோர் மீது எமக்குக் கடுங்கோபம் உண்டு. ஆனால் காணொளிக்குக் கூட்டம் சேருவது ஏன் என்றும் கேட்க வேண்டும். அங்கே ஒருவர் தமிழில் பேசுகிறார், நிதானமாகப் பேசுகிறார், 'உன் உடல், உன் பிள்ளை' என்கிறார். அவர் சொல்வது பொய்யாகவே இருக்கட்டும். ஆனால் அவர் சொல்கிறார். மருத்துவமனை வரிசையில் கேள்வி கேட்டவளுக்குக் கிடைத்தது, "டாக்டர் நீயா, நானா?" என்ற அதட்டல். உண்மை வாய்மூடியிருக்கும் இடத்தில் பொய் பேசத்தான் செய்யும்.

கேள்வி கேட்கும் நோயாளியைத் தொல்லையாகக் காணும் மருத்துவர்களுக்கு அவர்களுடைய துறையின் வரலாற்றையே நினைவூட்டுவோம். 1957இல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைட் என்ற மருந்து விற்பனைக்கு வந்தது. முற்றிலும் பாதுகாப்பானது என்று விளம்பரம் செய்யப்பட்டு, மசக்கைக்கும் தூக்கமின்மைக்கும் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்பட்டது. 1961 இறுதியில் அது திரும்பப் பெறப்படுவதற்குள் உலகெங்கும் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறைபாடுகளோடு பிறந்துவிட்டார்கள். அமெரிக்கா பெருமளவுக்குத் தப்பியது. அங்கே உணவு மருந்து நிர்வாகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த பிரான்செஸ் கெல்சி என்ற பெண்மணி, நிறுவனம் எவ்வளவோ நெருக்கியும், 'ஆதாரம் போதாது, இன்னும் காட்டுங்கள்' என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தார். கர்ப்பிணிகளைக் காத்தது அந்த நச்சரிப்புத்தான். மருத்துவமே கேள்வியால்தான் திருந்தியிருக்கிறது என்னும்போது, அக்கேள்வியை ஓர் எட்டாம் மாதக் கர்ப்பிணி கேட்டால் மட்டும் அதை அடங்காமை என்று எப்படிச் சொல்வீர்கள்?

நம் வீடுகளில் சொல்லப்படுவனவற்றையும் எண்ணிப்பாருங்கள். பப்பாளியைத் தொடாதே, கிரகணத்தன்று வெளியே வராதே, பிள்ளை சிவப்பாகப் பிறக்கக் குங்குமப்பூவைப் பாலில் கலந்து குடி. படித்த குடும்பங்களில்தான் குங்குமப்பூ டப்பா முதலில் வந்து இறங்குகிறது. நிறவெறியை வயிற்றிலிருந்தே ஊட்டத் தொடங்குகிறோம். ஆனால் இடுப்பு வலிக்கிறது என்றால் மருந்துக்கடையில் கேட்டு ஏதோ ஒரு வலிமாத்திரையை அதே வீடு வாங்கித் தருகிறது. அவ்வகை மாத்திரைகளில் பல, கர்ப்பத்தின் பிற்பாதியில் குழந்தையின் சிறுநீரகத்தையும் பனிக்குட நீரின் அளவையும் பாதிக்கக்கூடியவை. ஃபோலிக் அமிலத்தின் கதை இன்னும் துயரமானது. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழல், கருவுற்ற நான்கு வாரங்களுக்குள் மூடிக்கொள்கிறது. பல பெண்களுக்குத் தாம் கருவுற்றிருப்பதே அப்போது தெரியாது. ஆகவே அம்மாத்திரையைக் கருவுறுவதற்கு முன்பே தொடங்க வேண்டும். ஏற்கெனவே இக்குறைபாட்டோடு பிள்ளை பெற்ற பெண்களிடம் அது மீண்டும் வருவதை ஃபோலிக் அமிலம் 72 விழுக்காடு தடுத்தது என்று 1991இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. முப்பதாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. நம் திருமண வீடுகளில் ஜாதகம் பார்க்கிறோம், நாள் பார்க்கிறோம், மண்டபத்துக்கு ஓராண்டு முன்பே முன்பணம் கட்டுகிறோம். இதை யாராவது மணப்பெண்ணிடம் சொல்லியிருக்கிறோமா?

இப்போது நம் பக்கம் திரும்புவோம். தாய்மையைப் பாடாத கவிஞர் தமிழில் உண்டா? பத்து மாதம் சுமந்ததைச் சொல்லிக் கண்ணீர் வரவழைக்காத மேடை உண்டா? ஆனால் பெண்ணுடலை உடலாகவே எழுதியபோது என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியும். 2002இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' தொகுப்பு வெளிவந்தபோது எழுந்த கூச்சலை நாம் மறந்துவிடவில்லை. உருவகமாக இருக்கும்வரை அவ்வுடலுக்குப் பூச்சூட்டுவோம்; அது இரத்தமும் நீரும் வலியுமாகப் பேசத் தொடங்கினால் காதைப் பொத்திக்கொள்வோம். மருத்துவர் அவளை 'கேஸ்' ஆக்குகிறார், இலக்கியவாதி அவளைப் படிமம் ஆக்குகிறார். இரு தரப்பிலும் அவளோடு பேசுவோர் இல்லை.

மொழியின் பொறுப்பு இங்கேதான் வருகிறது; நண்பரின் கேள்விக்கான நேரடிப் பதிலும் இதுவே. மருத்துவக் கலைச்சொற்கள் தமிழுக்கு ஏலா என்று சொல்வோர் மானிப்பாய்க்குப் போய்வரட்டும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், தமிழ் கற்றுத் தமிழிலேயே மருத்துவம் பயிற்றுவித்தார். அவருடைய முயற்சியில் மகப்பேற்று மருத்துவ நூல் தமிழில் வெளிவந்த ஆண்டு 1857. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகிவிட்டது. இன்று ஒரு தமிழ்ப்பெண் பிரசவம் முடிந்து வீடு திரும்பும்போது அவளிடம் தரப்படும் சுருக்கக் குறிப்பில் அவளுடைய பெயரைத் தவிர அவளுக்குப் புரியக்கூடியது ஏதுமில்லை. அந்தப் பெயரும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். செம்மொழித் தகுதி பெற்றதைக் கொண்டாடிய நாம், இதை ஒரு மொழிப் பிரச்சினையாக ஒருநாளும் எண்ணியதில்லை. 'சூல்' என்றும் 'வயா' என்றும் 'கடுஞ்சூல்' என்றும் நுணுக்கமாகப் பெயரிடத் தெரிந்த மொழி, அவளுடைய ஆபத்துக்குப் பெயர் சொல்லத் தெரியாமல் நிற்பது நம் அனைவருக்குமான அவமானம்.

அரசு வழங்கும் தாய் சேய் நல அட்டை தமிழில் இருக்கிறது, ஆபத்து அறிகுறிகளும் அதில் அச்சிடப்பட்டிருக்கின்றன என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அச்சிட்டுக் கொடுப்பதும் உட்கார்ந்து சொல்வதும் ஒன்றல்ல. அவ்வட்டையை வீட்டில் எடுத்து வாய்விட்டுப் படித்த ஆண் நம்மில் எத்தனை பேர்? ஆகவே வெட்கத்தோடு இங்கேயே எழுதிவைக்கிறோம். விடாத தலைவலி, பார்வை மங்குதல், முகமும் கையும் திடீரென வீங்குதல், மேல்வயிற்றில் வலி, எந்த மாதத்திலும் உதிரம் படுதல், நீர் உடைதல், காய்ச்சல், வலிப்பு, மூச்சுத்திணறல், வழக்கமாக உணர்ந்துவந்த பிள்ளையின் அசைவு குறைதல்: இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. அன்றே, அந்நேரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வண்டி இல்லையென்றால் 108. பிள்ளை பிறந்த பிறகும் ஆறு வாரங்களுக்கு உதிரப்போக்கு, காய்ச்சல், தலைவலி ஆகியவற்றில் இதே விழிப்பு வேண்டும். ஒவ்வொரு பரிசோதனையின்போதும் அழுத்தம் எவ்வளவு, இரத்த அளவு எவ்வளவு, அது சரியா என்ற மூன்று கேள்விகளைக் கேட்கலாம். கேட்க அவளுக்கு உரிமை உண்டு. பதில் சொல்வது மருத்துவரின் பெருந்தன்மை அல்ல, கடமை.

இதைப் படிப்பவர்களிடம் ஒன்றை மட்டும் கேட்கிறோம். உங்கள் வீட்டிலோ அண்டையிலோ ஒரு கர்ப்பிணி இருப்பாள். வளைகாப்புக்குப் போனால் வளையல் அடுக்கிச் சந்தனம் பூசிவிட்டுச் சாப்பாட்டுக்குக் கிளம்பிவிடாமல், அவளுடைய ஃபைலை அவளோடு சேர்ந்து உட்கார்ந்து ஒரு கால்மணி நேரம் படியுங்கள். புரியாத இடங்களைக் குறித்துக்கொடுத்து, அடுத்த முறை மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். பன்முக வாசிப்பு, கட்டுடைப்பு என்று எத்தனையோ வாசிப்புகளைப் பற்றி இங்கே பேசியிருக்கிறோம்; இதுவும் ஒரு வாசிப்புத்தான். நண்பர் அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரட்டும். புறநானூற்றையும் கொண்டுவரட்டும், அவருடைய மருமகள் இப்போது ஐந்தாம் மாதம் என்று கேள்விப்பட்டோம், அவளுடைய ஃபைலையும் கொண்டுவரட்டும். அவள் விரும்பினால் அவளும் வரட்டும். இரண்டையும் சேர்த்தே படிப்போம்.